மோனோப்பொலிப் பலகையின் மூலபாடம்: ஒரு விளையாட்டின் வரலாறும் மொழியியல் நோக்கும்

முன்னுரை

பலகை விளையாட்டு ஒன்றை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது கருப்பொருள், ஆட்டம் எந்த உலகத்தைப் பற்றியது என்பது அது. இரண்டாவது விதி, ஆடுவோர் எதைச் செய்யலாம், எதைச் செய்தல் வேண்டும் என்பது அது. மூன்றாவது பலகையின் மீதும் அட்டைகளின் மீதும் எழுதப்பெறும் சொற்கள். இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பலகை விளையாட்டை ஒரு பனுவலாகவே கருதி ஆராய இடமுண்டு. பனுவலுக்கு ஆசிரியர் உண்டு, அதைப் படியெடுத்தோர் உண்டு, பாடவேறுபாடுகள் உண்டு, பதிப்பித்தவர் உண்டு. விளையாட்டுக்கும் இவை யாவும் உண்டு.

இச்சொற்பொழிவில் நாம் எடுத்துக்கொள்ளும் பனுவல் உலகெங்கும் அறியப்பட்ட 'மோனோப்பொலி' என்னும் ஆட்டம். நிலம் வாங்குதல், வீடு கட்டுதல், வாடகை பெறுதல், பிறரை ஓட்டாண்டியாக்குதல் என்று செல்லும் அவ்வாட்டத்தைத் தெரியாத மாணவர் அரியர். அதன் பிறப்பைப் பற்றி நெடுங்காலம் ஒரே கதைதான் வழங்கிவந்தது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த சார்ல்ஸ் டாரோ என்பவர், தம் வீட்டில் அமர்ந்து இவ்வாட்டத்தைத் தாமே கற்பனை செய்தார், அது விற்றது, அவர் செல்வரானார் என்பது அக்கதை. வறுமையிலிருந்து அறிவால் உயர்ந்த தனிமனிதரின் கதையாதலால் கேட்போர் அதனை விரும்பினர். ஆயினும் அது உண்மையன்று.

உண்மையான வரலாறு மூன்று வினாக்களை நம்முன் வைக்கிறது. ஓர் ஆட்டம் ஒரு கொள்கையைச் சொல்லவல்லதா? பலர் ஆடி ஆடித் திருத்திய ஒன்றுக்கு ஆசிரியர் யார்? பொதுமக்கள் வழங்கிய ஒரு சொல்லை ஒரு நிறுவனம் தனதாக்கிக்கொள்ள முடியுமா? இவற்றை வரிசையாக நோக்குவோம்.

1. கொள்கையிலிருந்து பிறந்த ஆட்டம்

எலிசபெத் மகீ 1866-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். லிசி என்பது அவருடைய வழங்குபெயர். தந்தை ஜேம்ஸ் மகீ செய்தித்தாள் நடத்தியவர், அடிமைமுறையை எதிர்த்தவர். மகள் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்தார். தட்டச்சுப் பொறியில் தாள் எளிதாகச் செல்வதற்கான ஒரு கருவிக்கு 1893-இல் காப்புரிமை பெற்றார். பெண்களுக்கு நாடு முழுதும் வாக்குரிமைகூட வாய்க்காத காலம் அது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

அக்காலத்து அமெரிக்காவில் ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் சிந்தனையாளர் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற அவருடைய நூல் 1879-இல் வெளிவந்தது. நாடு முன்னேற முன்னேற வறுமையும் ஏன் பெருகுகிறது என்பது அவர் எழுப்பிய வினா. அவர் கண்ட விடை பின்வருமாறு. நிலத்தின் மதிப்பை உயர்த்துவது நிலக்கிழார் செய்யும் உழைப்பன்று. அந்நிலத்தைச் சுற்றி மக்கள் குடியேறுவதும், சாலை வருவதும், கடைகள் பெருகுவதுமே அதனை உயர்த்துகின்றன. ஆயின் அவ்வுயர்வின் பயனாகிய வாடகை நிலக்கிழாருக்கே செல்கிறது. ஆகவே நிலத்தின் மதிப்பின்மீது மட்டும் வரி விதித்து, அதனைப் பொதுநலனுக்குச் செலவிட்டு, உழைப்பின்மீதும் உற்பத்தியின்மீதும் உள்ள பிற வரிகளை நீக்கிவிடலாம் என்றார். இது 'ஒற்றை வரி'க் கொள்கை எனப்பட்டது.

இக்கொள்கையை மகீ ஏற்றார். மேடைப்பேச்சும் துண்டறிக்கையும் சென்று சேராத இடத்திற்கு ஓர் ஆட்டம் சென்று சேரும் என்பது அவர் துணிபு. 1903 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904 ஜனவரி 5-இல் அது வழங்கப்பெற்றது. ஆட்டத்தின் பெயர் 'நிலக்கிழார் ஆட்டம்'.

அக்காப்புரிமையில் உள்ள பலகைப் படம் கூர்ந்து நோக்கத்தக்கது. சதுரப் பலகை, ஒவ்வொரு மூலைக்கும் இடையில் ஒன்பது கட்டங்கள், விளிம்பைச் சுற்றிவரும் பாதை. ஒரு மூலை 'நிலத்தாய்'க்கு உரியது. அதனைக் கடக்குந்தோறும் உழைப்பின் ஊதியமாக 100 டாலர் கிடைக்கும். வழியில் நிலங்கள், அவற்றின் விலை, வாடகை, இருப்பூர்தி நிலையங்கள், உணவு, உடை முதலிய இன்றியமையாப் பொருள்கள், ஆடம்பரப் பொருள். ஒரு கட்டம் அயல்நாட்டுப் பிரபு ஒருவரின் அடைத்துவைக்கப்பட்ட நிலம். அதில் கால்வைத்தவர் அத்துமீறியவராகிச் சிறைக்குச் செல்வார். ஒரு மூலை பொதுப்பூங்காவும் ஏழையர் விடுதியும். கடன் தீர்க்க இயலாதவர் சேருமிடம் அவ்விடுதி.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பாதையின் வடிவம். நம் பரமபதம் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உடையது. கீழிருந்து மேலேறி வீடுபேற்றை அடைந்தால் ஆட்டம் நிறைவுறும். அக்காலத்து மேனாட்டு ஆட்டங்களிலும் இவ்வகையின பல இருந்தன. மகீயின் பாதையோ முடிவற்ற சுற்று. ஒருவர் எத்தனை முறை சுற்றினாலும் ஊதியம் 100 டாலராகவே நிற்கிறது. ஆனால் நிலம் சிலர் கையில் சேரச்சேர, ஒவ்வொரு சுற்றிலும் செலுத்தவேண்டிய வாடகை பெருகிக்கொண்டே போகிறது. ஜார்ஜ் பல பக்கங்களில் விளக்கிய கருத்தை இச்சுற்றுப்பாதை ஆடுவோரின் பையைக் கொண்டே உணர்த்திவிடுகிறது. ஒருவழிப் பாதையில் இதனை உணர்த்த இயலாது.

இரண்டாவது, விதிகளின் இரட்டைத் தன்மை. காலப்போக்கில் இவ்வாட்டம் இருவகை விதிகளோடு வழங்கியது. ஒருவகையில் வாடகை உரிமையாளருக்குச் சேரும். முடிவில் ஒருவர் செல்வராக, ஏனையோர் நொடித்துப்போவர். மற்றொரு வகையில் நிலவாடகை பொதுக் கருவூலத்திற்குச் செல்லும். அதனால் யாவரும் பயன்பெறுவர். முதல்வகையை ஆடி அதன் கொடுமையை உணர்ந்தவர், இரண்டாம் வகையை ஆடித் தீர்வை உணரல் வேண்டும் என்பது நோக்கம்.

நிகழ்ந்தது வேறு. மக்கள் முதல்வகையையே விரும்பி ஆடினர். காரணம் அறிதற்கு அரிதன்று. யாவரும் சேர்ந்து உயரும் ஆட்டத்தில் அறத்துக்கு இடமுண்டு. பதற்றத்துக்கு இடம் குறைவு. ஒருவர் வெல்லப் பிறர் வீழும் ஆட்டத்திலோ ஒவ்வொரு பகடை உருட்டலிலும் நெஞ்சு துடிக்கிறது. எச்சரிக்கையாக அமைக்கப்பட்ட பகுதி இன்பமாகிவிட்டது. ஆசிரியர் கருதிய பொருளும் ஆடுவோர் கொண்ட பொருளும் இவ்வாறு பிரிந்தன. விளையாட்டை வடிவமைப்போர் யாவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது. அட்டையில் அச்சிட்ட அறவுரையைவிட, விதி எதற்குப் பரிசளிக்கிறதோ அதுவே ஆடுவோர் மனத்தில் பதிகிறது.

2. படியெடுத்தோரும் திருத்தியோரும்

1906-இல் நியூயார்க்கில் இவ்வாட்டம் அச்சாகி வெளிவந்தது. 1913-இல் பிரிட்டனில் வேறு பெயரில் வெளிவந்தது. எனினும் கடைவழியாகப் பரவியதினும் கைவழியாகப் பரவியதே மிகுதி. டெலவேர் மாநிலத்தில் ஆர்டன் என்னும் சிற்றூர் 1900-இல் ஹென்றி ஜார்ஜின் கொள்கைப்படியே நிறுவப்பெற்றது. அங்கு வாழ்ந்தோர் இவ்வாட்டத்தை ஆடினர். அவர்களுள் ஒருவர் ஸ்காட் நியரிங். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். அவர் வழியாக மாணவரிடம் ஆட்டம் சென்றது. மாணவர் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது உடன்பிறந்தோருக்குக் கற்பித்தனர். அவர்கள் வேறு கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றனர்.

ஆட வேண்டுமெனில் பலகை வேண்டும். கடையில் கிடைக்காதபோது மெழுகுத்துணியை விரித்துத் தாமே வரைந்துகொண்டனர். வீட்டில் கிடைத்த சிறு பொருள்களே காய்களாயின. விதிகளைக் கேட்டும் கண்டும் நினைவில் வைத்தனர். சிலர் தாளில் குறித்தனர். வரைந்தவர் தம் ஊர்த் தெருக்களின் பெயர்களைக் கட்டங்களில் எழுதினர். நாட்டார் கதை ஒன்று ஊருக்கு ஊர் செல்லும்போது அவ்வூர் ஆற்றையும் குன்றையும் தன்னுள் ஏற்றுக்கொள்வதைப் போன்றதே இது. 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற பெயரும் தேய்ந்தது. ஆடியவர்கள் அதனை 'மோனோப்பொலி' என்றே சுட்டினர். தனியுரிமை, முற்றுரிமை என்று பொருள்படும் பொதுச்சொல் அது. எச்சரிக்கப்பட்ட தீமையின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று.

இன்று விளையாட்டு வடிவமைப்போர், ஆட்டம் அச்சேறுமுன் பலரிடம் கொடுத்து ஆடச்செய்து குறைகளைக் களைகின்றனர். இதனை 'ஆடிச் சோதித்தல்' என்று நாம் குறிப்போம். மோனோப்பொலியைப் பொறுத்தவரை இச்சோதனை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்தது. சோதித்தவர்களுக்குத் தாம் சோதிக்கிறோம் என்பதே தெரியாது. நன்றாக இருந்த விதியை வைத்துக்கொண்டனர், சலிப்பூட்டியதைக் கைவிட்டனர்.

இதற்கு ஒரு தெளிவான சான்று அட்லாண்டிக் சிட்டியில் கிடைக்கிறது. நியூ ஜெர்சிக் கடற்கரையில் உள்ள அந்நகருக்கு ரூத் ஹோஸ்கின்ஸ் என்ற ஆசிரியை, இந்தியானாபொலிஸில் தாம் கற்ற ஆட்டத்தை 1929, 1930-ஆம் ஆண்டளவில் கொண்டுவந்தார். அவர் குவேக்கர் சமயத்தாரின் பள்ளியில் கற்பித்தவர். அச்சமயத்து நண்பர்கள் கூடி ஆடினர். கட்டங்களுக்கு அட்லாண்டிக் சிட்டியின் தெருப்பெயர்களை இட்டனர். அதுகாறும் மக்களிடையே வழங்கிய ஆட்டத்தில், நிலம் விற்பனைக்கு வந்தால் ஏலம் விடுவதே வழக்கம். அதனால் 'ஏல மோனோப்பொலி' என்ற பெயரும் இருந்தது. மௌனத்தை வழிபாடாகக் கொண்ட குவேக்கர்களுக்கு ஏலக் கூச்சல் உகந்ததாக இல்லை. சிறுவர்க்கும் ஏலம் கடினம். எனவே விலையைப் பலகையிலேயே எழுதிவிட்டனர். ஆட்டம் விரைவும் எளிமையும் பெற்றது. இன்றைய விதிநூலில், கட்டத்தில் வந்து நின்றவர் நிலத்தை வாங்க மறுத்தால் வங்கி அதனை ஏலம் விடல் வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பல வீடுகளில் அதனைப் பின்பற்றுவதில்லை. பழைய ஏல ஆட்டத்தின் எச்சம் அது எனக் கொள்ளத்தகும். வழக்கிழந்த சொல்லுருபு தொகைச்சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதை மொழி மாணவர் அறிவர்.

மற்றோர் எச்சம் பலகையின் மூலையில் உள்ளது. மகீயின் பலகையில் பொதுப்பூங்கா இருந்த மூலையின் வழித்தோன்றலாக, இன்றைய பலகையில் கட்டணமில்லா வண்டி நிறுத்துமிடம் உள்ளது. ஆங்கிலத்தில் 'பார்க்' என்பது பூங்கா. 'பார்க்கிங்' என்பது வண்டி நிறுத்தல். சொல்லின் ஓசை சிறிதே நீண்டது. பொருளோ முற்றும் மாறியது. யாவர்க்கும் பொதுவான நிலம் என்ற கருத்து மறைந்து, தானூர்திகள் பெருகிய நகரம் அவ்விடத்தில் வந்து நின்றது.

தெருக்களின் விலை வரிசையும் ஒரு வரலாற்றுச் சான்றே. மிக உயர்ந்த விலை கடலோர நடைபாதைக்கும் அதனை அடுத்த இடத்திற்கும் இடப்பட்டது. மிகக் குறைந்த விலை பெற்றவற்றுள் ஒன்றாகிய பால்டிக் தெரு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியைச் சேர்ந்தது. நிலத்தின் மதிப்பைச் சமூகமே ஆக்குகிறது என்ற ஜார்ஜின் கொள்கை விதிநூலிலிருந்து நீங்கிய பின்னும், விலைப்பட்டியலில் அது கசப்பான உருவில் எஞ்சி நிற்கிறது.

3. ஓரெழுத்துப் பிழை

இனி மொழியியலார்க்கு மிகவும் சுவைதரும் பகுதிக்கு வருவோம்.

சார்ல்ஸ் டாரோ இவ்வாட்டத்தைத் தாமே படைத்தாரா, பிறரிடம் கற்றாரா என்பதை எவ்வாறு முடிவுசெய்வது? பலகையில் அட்லாண்டிக் சிட்டித் தெருப்பெயர்கள் உள்ளமை போதிய சான்றாகாது. அந்நகரை அறிந்த எவரும் அப்பெயர்களை எழுதியிருக்கலாம். ஆனால் மஞ்சள் நிறக் கட்டங்களுள் ஒன்றில் 'மார்வின் கார்டன்ஸ்' என்றுள்ளது. அப்பெயருடைய இடம் அங்கு இல்லை. உள்ளது 'மார்வென் கார்டன்ஸ்'. அட்லாண்டிக் சிட்டிக்கு வெளியே, மார்கேட், வென்ட்னர் என்னும் இரண்டு ஊர்களின் எல்லையை ஒட்டி அமைந்த குடியிருப்பு அது. மார்கேட்டின் 'மார்', வென்ட்னரின் 'வென்' ஆகிய இரண்டும் இணைந்து பிறந்த பெயர் ஆதலால், 'வென்' என்பதே பொருளுடைய வடிவம். 'வின்' என்பது பிழை.

அப்பிழை பிலடெல்பியாவில் வாழ்ந்த சார்ல்ஸ் டாட் என்பவர் வரைந்த பலகையில் இருந்தது. அட்லாண்டிக் சிட்டி நண்பர்களிடம் ஆட்டத்தைக் கற்ற டாட், அதனை டாரோவுக்கும் அவர் மனைவிக்கும் கற்பித்தார். டாரோ கேட்டதற்கிணங்க விதிகளை எழுதியும் கொடுத்தார். டாட் செய்த எழுத்துப் பிழை டாரோவின் பலகையில் அவ்வாறே உள்ளது. அங்கிருந்து அச்சுப் பலகைக்கும் சென்றது.

மூலபாட ஆய்வில் நன்கு அறியப்பட்ட நெறி ஒன்று உண்டு. இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பது அவற்றின் உறவை மெய்ப்பிக்காது. ஒரே பிழையில் ஒத்திருப்பதே உறவை மெய்ப்பிக்கும். சரியானதை இருவர் தனித்தனியே எழுதக்கூடும். ஒரே இடத்தில் ஒரே பிழையை இருவர் தனித்தனியே செய்வது அரிது. ஒருவர் மற்றவரைப் பார்த்தெழுதினார் என்பதே பொருந்தும் விளக்கம்.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பெற்றன. படியெடுத்தவர் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு எழுதினால், அவருக்குப் பின் வந்தவர் அப்பிழையையே மூலமெனக் கருதினார். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள், பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தொகுத்து ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்தமை இக்காரணம் பற்றியே. நியூ ஜெர்சியின் மெழுகுத்துணிப் பலகையும் நம் ஓலைச்சுவடியும் இவ்வகையில் ஒரே இயல்பின. கையால் படியெடுக்கப்படும் எதுவும் தன் வழித்தடத்தைத் தன் பிழைகளில் வைத்திருக்கிறது. மோனோப்பொலியை வெளியிட்ட பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் இவ்வெழுத்துப் பிழையை 1995-இல்தான் ஒப்புக்கொண்டது.

4. பதிப்பும் உரிமையும்

டாரோவின் பங்கு எதுவுமே இல்லை என்று கூறுவது நடுநிலையாகாது. பலகையின் தோற்றத்தைச் செப்பமாக்கினார். கண்ணைக் கவரும் நிறமும் படமும் அமையச் செய்தார். கையால் செய்து விற்றுப் பின் அச்சிட்டு, பிலடெல்பியாவின் பெருங்கடையில் இடம்பெறச் செய்தார். முதலில் மறுத்த பார்க்கர் நிறுவனம் 1935-இல் அவரிடமிருந்து ஆட்டத்தை வாங்கிற்று. அவ்வாண்டு இறுதியில் டாரோவின் பெயரில் காப்புரிமையும் கிட்டியது. நல்ல பதிப்பாளர் ஒருவர் செய்யும் பணியை அவர் செய்தார். ஆனால் பதிப்பாளர் ஆசிரியராக அறிவிக்கப்பட்டார். சிக்கல் அங்கேதான் எழுந்தது.

மகீ தம் ஆட்டத்தைத் திருத்தி 1924-இல் இரண்டாம் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வுரிமை நடைமுறையில் இருந்ததால் பார்க்கர் நிறுவனம் 1935 நவம்பரில் அதனை 500 டாலருக்கு வாங்கிற்று. விற்பனையில் பங்கு எதுவும் அவருக்கு இல்லை. தம் ஆட்டமும் அதன் கொள்கையும் நாடறியப் போகின்றன என்று அவர் நம்பினார். மோனோப்பொலி பெருவெற்றி பெற்று, அதன் படைப்பாளர் டாரோ என்று விளம்பரம் ஆனபோது, 1936 ஜனவரியில் வாஷிங்டன் செய்தித்தாள்களில் தம் பழைய பலகைகளைக் காட்டித் தம் தரப்பைக் கூறினார். நிறுவனம் 1939-இல் 'நிலக்கிழார் ஆட்ட'த்தைப் பெயரளவில் வெளியிட்டது. அது விற்பனையில் எடுபடவில்லை. 1940-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் தொழில் 'விளையாட்டுகளைச் செய்பவர்' என்று அவர் பதிவுசெய்தார். வருமானத்தின் இடத்தில் சுழியம். 1948-இல் மறைந்தார். டாரோவோ கோடீசுவரராக வாழ்ந்து மறைந்தார்.

5. சொல் யாருடையது?

இவ்வரலாறு முழுதும் மறைந்தே போயிருக்கும். அதனை மீட்டது மொழி பற்றிய ஒரு வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் பொருளியல் கற்பித்த ரால்ப் அன்ஸ்பாக் என்னும் பேராசிரியர் 1973-இல் 'ஆன்டி மோனோப்பொலி' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். முற்றுரிமையை உடைப்பதே அதன் கருப்பொருள். பெயரைக் கைவிடுமாறு நிறுவனம் வற்புறுத்தியது, வழக்கு எழுந்தது. 1977-இல் ஏறத்தாழ 40,000 பெட்டிகள் மின்னசோட்டா மாநிலத்தில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. அன்ஸ்பாக் தளரவில்லை. டாரோவுக்கு முன்பே இவ்வாட்டத்தை ஆடியவர்களைத் தேடிச்சென்றார். முதியோர் பலர் தம் பழைய பலகைகளுடன் சான்று பகர்ந்தனர். சார்ல்ஸ் டாட் அவர்களுள் ஒருவர். மற்றொருவர் டான் லேமன். 1932-இல் இவ்வாட்டத்தையே 'ஃபைனான்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டவர். 'மோனோப்பொலி' என்பது பல ஊர்களில் இவ்வாட்டத்தின் பொதுப்பெயராக வழங்கியமையால் அதற்குத் தனியுரிமை கிட்டாது என்று வழக்கறிஞ நண்பர்கள் கூறியதால்தான் பெயரை மாற்றியதாக அவர் சான்றளித்தார்.

வழக்கின் மையம் ஒரு பொருண்மையியல் வினா. 'மோனோப்பொலி' என்ற சொல்லைக் கேட்கும்போது மக்கள் மனத்தில் எழுவது ஒருவகை ஆட்டமா, அதனைச் செய்யும் நிறுவனமா? ஆட்டத்தையே சுட்டுமெனில் அது பொதுப்பெயர், வணிகக்குறியாகாது. இதனை அறிய நுகர்வோரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆட்டத்தில்தான் விருப்பம், யார் செய்தது என்பது பொருட்டன்று என்றோர் 65 விழுக்காட்டினர். அந்நிறுவனத்தின் பொருள் என்பதால் விரும்புவதாகக் கூறியோர் 32 விழுக்காட்டினர். 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சொல் பொதுப்பெயரே என்று தீர்ப்பளித்தது. 1983-இல் உச்சநீதிமன்றம் மறுஆய்வுக்கு எடுக்க மறுத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வாங்குவோரின் நோக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று விதித்தது.

நம் நாட்டு வழக்கிலும் வணிகப்பெயர் பொதுப்பெயராவதைக் காண்கிறோம். எந்த நிறுவனத்தின் பொறியில் எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்கிறோம். எந்த நிறுவனத்தின் அணையாடையையும் 'பேம்பர்ஸ்' என்கிறோம். அவை நிறுவனத்திடமிருந்து மக்களிடம் வந்த சொற்கள். மோனோப்பொலியோ எதிர்த்திசையில் சென்றது. மக்கள் வழங்கிய பொதுச்சொல் நிறுவனத்தின் உடைமையாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் இவ்வழக்கு மொழியியலார்க்குத் தனிச்சிறப்புடையதாகிறது.

6. நம் வட்டாரமும் நம் வகுப்பறையும்

பிரிட்டனில் லீட்ஸ் நகரின் வாடிங்டன்ஸ் நிறுவனம் லண்டன் தெருப்பெயர்களுடன் இவ்வாட்டத்தை வெளியிட்டது. மலேசியாவில் 'சாயிடினா' போன்ற மலாய்மொழி ஆட்டங்கள் இவ்வமைப்பில் தோன்றி, உள்நாட்டு இடப்பெயர்களை ஏற்றன. மெழுகுத்துணிக் காலத்தில் ஊர்தோறும் நிகழ்ந்த பெயர்மாற்றம், பின்னர் நாடுதோறும் நிகழ்ந்தது. நம் பரமபதம் இங்கிலாந்து சென்றபோதும் இவ்வாறே ஆயிற்று. பாம்பும் ஏணியும் நின்றன. அவற்றின் அறப்பொருள் படிப்படியாக உதிர்ந்தது. அமைப்பு பயணம் செய்யும். கருப்பொருள் எளிதில் வழியில் தங்கிவிடும் என்பதை இரண்டு ஆட்டங்களும் காட்டுகின்றன.

இன்று பள்ளிகளில் மாணவர் தாமே பலகை விளையாட்டை உருவாக்கும் செயல்திட்டங்கள் இடம்பெறுகின்றன. சங்க காலத் திணைகளையோ துறைமுகத்தின் வரலாற்றையோ கருப்பொருளாகக் கொள்ளலாம். அத்தகைய பணியில் ஈடுபடும் ஆசிரியர்க்கு மகீயின் வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, கருத்து விதியில் உறைதல் வேண்டும். ஐந்திணை ஆட்டம் என்று பெயரிட்டு, கட்டங்களில் மலர்களை வரைந்து, பகடை உருட்டி முன்னேறச் செய்தால், அது திணையைக் கற்பிக்காது. பாலையில் நீர் குறையவும், நெய்தலில் உப்பைக் கொடுத்து மருதத்து நெல்லைப் பெறவும் விதி அமைந்தால், நிலமும் வாழ்வும் பிணைந்த திறம் ஆட்டத்திலேயே விளங்கும்.

இரண்டு, ஆடிச் சோதித்தலை மொழிப்பயிற்சியாகக் கொள்ளல் வேண்டும். விதிகளை எழுதிய மாணவர் அருகில் இருந்து விளக்காமல், மற்றொரு குழு எழுத்தை மட்டும் படித்து ஆடட்டும். 'வாங்கலாம்' என்பதற்கும் 'வாங்க வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது விளங்கும். 'அவர் திரும்பச் செலுத்துவார்' என்ற தொடரில் 'அவர்' யார் என்று ஆட்டம் நின்றுபோகும். 'திரும்ப' என்பது மீண்டும் ஒருமுறையா, வாங்கியதைக் கொடுத்தலா என்ற ஐயமும் எழும். விதிநூல் எழுதுதல், ஐயத்திற்கு இடமற்ற உரைநடை எழுதுதலுக்குச் சிறந்த பயிற்சியாகும்.

மூன்று, ஒவ்வொரு வரைவையும் நாளிட்டுப் பாதுகாத்தல் வேண்டும். எந்தத் திருத்தம் யாரால் வந்தது என்பதையும் பெயருடன் குறித்தல் வேண்டும். ஆட்டம் பலர் கைபட்டே செம்மையுறும். அது இயல்பு, விரும்பத்தக்கதும்கூட. ஆயின் பலர் செய்ததை ஒருவர் செய்ததாகப் பதிவது வரலாற்றுப் பிழை. மகீயின் பெயர் மீண்டதற்குக் காரணம், அவர் 1904-இல் நாளும் படமும் கூடிய ஆவணம் ஒன்றை விட்டுச்சென்றமையே. அவருக்குப் பின் முப்பது ஆண்டுகள் மெழுகுத்துணியில் வரைந்து ஆட்டத்தைத் திருத்தியோருள் பெரும்பாலோர் ஆவணம் எதனையும் விட்டுச்செல்லவில்லை. அவர்களின் பெயர்களும் கிட்டவில்லை.

முடிவுரை

மோனோப்பொலியின் வரலாறு, ஆசிரியர் ஒருவர், திருத்தியோர் பலர், பதிப்பித்தவர் ஒருவர், உரிமைகொண்ட நிறுவனம் ஒன்று என்ற நான்கு தரப்பாரின் வரலாறு. பழங்கதை நான்கையும் ஒருவரிடமே ஒப்படைத்திருந்தது. ஒரு காப்புரிமைப் படம், முதியோர் சிலரின் சான்றுரை, ஓரெழுத்துப் பிழை ஆகியவை அவற்றைப் பிரித்தறிய உதவின. ஏட்டுச்சுவடிக்கு நாம் பயன்படுத்திவரும் ஆய்வுநெறி, நம் மேசைமீது விரிக்கப்படும் பலகைக்கும் பொருந்துவதை இதனால் அறிகிறோம். மாணவர்கள் தம் வீட்டில் ஆடும் பல்லாங்குழிக்கும் தாயத்திற்கும் பாட்டிமார் கூறும் விதிகளைக் கேட்டு, வீட்டுக்கு வீடு அவை எவ்வாறு வேறுபடுகின்றன என்று எழுதிவைப்பார்களாயின், இதுபோன்ற ஆய்வுக்கு வேண்டிய பாடவேறுபாடுகள் நம் மொழியிலேயே திரளும். சொன்னவர் பெயரையும் ஊரையும் உடன் எழுதிவைப்பார்களாக.